தண்ணீர் வரும் தேதியும் இருபது ரூபாயும்

அன்புள்ள அக்கா,

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இரண்டு வருடமாக நான்கு பக்கத்தில் தமிழ் மாத இதழ் ஒன்று கொண்டுவருகிறோம். 600 பிரதி, எல்லாம் இலவசம். அச்சுக்கும் காகிதத்துக்கும் மாதம் 4,800 ரூபாய் ஆகிறது. அதை ஒரு அறக்கட்டளை கொடுத்துவந்தது, மார்ச்சோடு நிறுத்திவிட்டார்கள். வேறு நிதி தேடலாம் என்கிறார் எங்களில் ஒருவர். ஊர்க்காரர்களுக்காக நடத்தும் சிறு வானொலி, அதாவது சமுதாய வானொலி தொடங்கினால் அரசு விளம்பரம் கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். லாபத்துக்கு நடத்தவில்லை என்று சொல்லிவிட்டு ஊர்க்காரர்களிடம் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஊரில்தான் முதலில் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

வேலந்தாவளத்தில் நாங்களும் இப்படி ஒன்று நடத்தினோம். மூன்று வருடம் வெளியிலிருந்து பணம் வந்தது. எதைப் பற்றி எழுத வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தே வந்தது. கிணறுகள் வற்றிக் கிடந்த மாதத்தில் கை கழுவும் முறை பற்றி இரண்டு பக்கம் போட்டோம். பணம் நின்றதும் இதழும் நின்றது. ஏன் இந்த மாதம் வரவில்லை என்று கேட்டு ஒருவர்கூட வீட்டுப் படி ஏறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனது என்னவோ செய்கிறது. ஊர்க்காரர்கள் மேல் தப்பில்லை. அவர்களிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியதைக் கொடுக்கவும் இல்லை.

நம் ஊர்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நாளிதழ்களின் கோயம்புத்தூர் பதிப்புக்கு நாம் வேறு மாநிலம், பாலக்காட்டுப் பதிப்புக்கு வேறு மொழி. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் நம் சித்தூர் பகுதிக்குத் தமிழ்நாடு வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும். ஜூலையில் தொடங்கும் கணக்கில் இந்த மாதம் வரை எவ்வளவு வந்தது, நம் வாய்க்காலில் எந்தத் தேதியில் திறப்பார்கள் என்று முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள். தென்னை வைத்திருப்பவரும் நெல் நட்டவரும் அந்த ஒரு கட்டத்துக்காகவே இதழை எடுத்துவைப்பார்கள். பிளாச்சிமடையை நினைத்துப் பாருங்கள். அங்கிருந்த கோக்கோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று 2003இல் முடிவெடுத்தது நம் பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்து. அதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டதென்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அங்கே குடியிருந்த பெண்கள். அந்த மாதிரிப் பேச்சை முதலில் அச்சில் ஏற்றுவது உங்கள் இதழாக இருக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பால் சொசைட்டியில் பட்டுவாடா நடக்கும் நாளில் வாசலில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய். 300 வீடு சேர்ந்தால் 6,000. அச்சுக்கூலி போக 1,200 மிஞ்சும். பஸ்ஸுக்கும் போனுக்கும் ஆகும். 300 வராது, முதல் மாதம் 60 வீடுதான் வரும். அப்படியானால் இரண்டு பக்கமாகக் குறையுங்கள், பிரதியைக் குறையுங்கள், கடைச் சுவர்களில் ஒட்டுங்கள். மாதத்தை மட்டும் தவறவிடாதீர்கள். வரவு செலவைக் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். காசு கொடுத்தவர் அடுத்த மாதம் உங்களை நிறுத்தி, இது தப்பு, அதை ஏன் விட்டீர்கள் என்று சண்டை போடுவார். உங்களுக்குச் செய்தி அங்கிருந்துதான் வரும்.

நிதி தேடுவதே தப்பு என்று சொல்லவில்லை. கேமராவோ கம்ப்யூட்டரோ வாங்க ஒருமுறை வாங்கிக்கொள்ளலாம். மாதச் செலவுக்கு மட்டும் வேண்டாம். இன்னொன்று, வெளிநாட்டுப் பணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவுபெற்ற செய்தித்தாளின் ஆசிரியரும் உரிமையாளரும் வெளியீட்டாளரும் அதைத் தொடக் கூடாது. இதழை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள். 2024 மார்ச் முதல் இதழ்ப் பதிவுக்குப் புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது.

வானொலி எனக்கும் பிடித்த விஷயம்தான். வயநாட்டில் மாற்றொலி என்ற சமுதாய வானொலி 2009 முதல் ஒலிக்கிறது. பழங்குடி மொழிகளிலும் பேசுகிறது. ஆனால் விளம்பரத்தை நம்பி இறங்காதீர்கள். 2024இல் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடமாகவும், அரசு விளம்பரக் கட்டணத்தைப் பத்து விநாடிக்கு 74 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். அந்த விளம்பரம் மாதாமாதம் வரும் என்று எண்ணி யாருக்கும் சம்பளம் பேச முடியாது. தவிர, சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியில்லை. தண்ணீர், மின்சாரம் பற்றிய அறிவிப்பையும் உள்ளூர் நிர்வாகம் கொடுத்தால்தான் சொல்லலாம். வாய்க்காலில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று நீங்களாகக் கேட்க இதழ்தான் வேண்டும்.

தெலங்கானாவில் மாச்னூர் கிராமத்துத் தலித் பெண்கள் நடத்தும் ‘சங்கம் ரேடியோ’வுக்கு அலைவரிசை கிடைத்தது 2008இல். அதற்குப் பல வருடம் முன்பே அவர்கள் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, பெண்கள் சங்கக் கூட்டங்களுக்குக் கேசட்டாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். உரிமம் வந்தபோது கேட்க ஆள் தயாராக இருந்தது. நீங்களும் தண்ணீர்க் கணக்கை இரண்டு நிமிடம் பேசி வாட்ஸப்பில் அனுப்பிப் பாருங்களேன். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் போய்ச் சேரும்.

அப்புறம், கிராமசபை முடிவுகள் மலையாளத்தில்தானே ஒட்டப்படுகின்றன? அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமை கேரளத்துத் தமிழர்களுக்குச் சட்டப்படி உண்டு என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த முடிவுகளைத் தமிழில் போட ஒரு பத்தி ஒதுக்குங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு நாளில் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா