நடவு வயலிலிருந்து சில கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யானைக்கால் கட்டுப்பாட்டுப் பணியில் ரத்தம் பரிசோதிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உடம்பைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாற்று நட்டுக் கரையேறினால் விரல் நுனியெல்லாம் சுருங்கிவிடுகிறது. தோல் ஊறிப்போவதால்தானே? (பாபநாசம்)

ஊறுவது மட்டும் காரணமில்லை அம்மா. நரம்பின் தூண்டுதலால் விரல் நுனியின் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. உள்ளே சதை வற்ற, மேல்தோல் மடிகிறது. அரிவாள் பட்டு நரம்பு அறுந்த விரலை எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்தாலும் சுருங்காது. 1930களிலேயே மருத்துவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள்.

அட்டையை எடுத்த பிறகும் ரத்தம் நிற்கவில்லையே? (திருத்துறைப்பூண்டி)

அதன் எச்சிலில் ஹிருடின் என்ற பொருள் இருக்கிறது. அது ரத்தத்தை உறையவிடாது. சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் கசிந்து நின்றுவிடும். கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்போ சுண்ணாம்போ போடாதீர்கள். அது குடித்ததைக் காயத்திலேயே கக்கிவிடும். நகத்தால் வழித்து எடுப்பதே நல்லது.

வியர்வை கொட்டியும் உடம்பு குளிரவில்லையே? (வலங்கைமான்)

வியர்வை ஆவியாகப் போனால்தான் சூட்டையும் கொண்டுபோகும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் அது ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. நிழலும் காற்றும் உப்புப் போட்ட நீர்மோரும்தான் வழி.

சிறுவயதில் எங்கள் தெருவுக்கு இரவில் வந்து விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். பகலில் எடுத்தால் என்ன? (கும்பகோணம்)

தூங்கும் குழந்தையை எழுப்புகிறோமே என்று எங்களுக்கும் மனம் கேட்காது தம்பி. ஆனால் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். இரவில்தான் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். அவற்றைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் இரவில்தான். பகலில் குத்தியிருந்தால் நோய்க்கிருமி உள்ளவரையும் ‘இல்லை’ என்று எழுதியிருப்போம்.

புது ரத்தத்துளியை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நூலிழை போல ஒன்று நெளிந்தது. நீளம் கால் மில்லிமீட்டர்தான். அந்த ரத்தம் யாருடையதோ, அவர் காலில் துளி வீக்கமும் இல்லை. வீக்கம் வரும் முன்பே பிடிக்கத்தான் அத்தனை இரவுகள் தெருத்தெருவாக நடந்தோம்.

என் தாயார் மாத்திரை எல்லாம் சாப்பிட்டும் கால் வடியவில்லை. மருந்து வீணா? (மன்னார்குடி)

வீணில்லை அம்மா. டி.இ.சி. மாத்திரை ரத்தத்தில் உள்ள குஞ்சுகளைக் கொல்கிறது. பிறருக்குப் பரவாமல் தடுக்கிறது. வீக்கத்தின் வேர் வேறு இடத்தில். ரத்தக்குழாயிலிருந்து திசுக்களில் கசியும் நீரை நிணநீர்க் குழாய்கள் திரும்பக் கொண்டுபோகின்றன. ரத்தத்துக்கு இதயம் இருப்பது போல இதற்கென்று தனி இதயம் கிடையாது. குழாயின் மெல்லிய துடிப்பும், நாம் நடக்கையில் கெண்டைக்கால் சதை பிழியும் பிழிதலும், பின்னுக்கு வழியவிடாத வால்வுகளும்தான் அதை மேலே ஏற்றுகின்றன. வளர்ந்த புழுக்கள் ஆண்டுக்கணக்கில் அந்தக் குழாய்களிலேயே குடியிருந்து அவற்றைத் தளர்த்திவிட்டன. தளர்ந்த குழாய் மாத்திரையால் இறுகாது.

ஆனால் கால் மேலும் பெருக்காமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளில் ஈரம் தங்காமல் மெல்ல ஒற்றி எடுங்கள். நான் பார்த்தவரை எல்லோரும் காலைக் கழுவுகிறார்கள், இடுக்கைத் துடைப்பதில்லை; கிருமி நுழையும் வெடிப்பு அங்கேதான். உட்காரும்போது காலை உயரமாக வைக்கட்டும், கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் அசைக்கட்டும். திடீரென்று கால் சிவந்து, சுட்டு, குளிர்க்காய்ச்சல் வந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.