45,000 வருமானத்தில் 32 லட்சம் ஃப்ளாட் வாங்கலாமா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 45,000 ரூபாய். வில்லிவாக்கத்தில் 12,000 வாடகைக்கு இருக்கிறோம். சேமிப்பு 6 லட்சம். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து 6 கிலோமீட்டர் உள்ளே 32 லட்சத்துக்குப் புது ஃப்ளாட் காட்டுகிறார்கள். அரசு மானியம் 2.67 லட்சம் கிடைக்கும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்மா.

2.67 லட்சம் என்பது பழைய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கணக்கு. உங்கள் வருமானப் பிரிவுக்கு அது 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இப்போதைய 2.0 திட்டத்தில் அதிகபட்சம் 1.80 லட்சம்தான். அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். முன்பணம் கட்ட உதவாது. வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது என்பது விதி.

உங்களுக்குக் கடன் அந்த வரம்பைத் தாண்டும். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சம் வரை, முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 1.92 லட்சம் அங்கேயே போய்விடும். கட்டி முடிக்காத வீடென்றால் ஜிஎஸ்டி தனி. மீதமுள்ள 4.08 லட்சத்தையும் துடைத்துக் கொடுத்தாலும் ஏறக்குறைய 28 லட்சம் கடன் வேண்டும். மானியம் கிடையாது. எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 24,300. சம்பளத்தில் பாதிக்கு மேல்!

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது தூரம். ஸ்டேஷன் வரை வண்டி, பார்க்கிங், செங்கல்பட்டு லைனில் பார்க் ஸ்டேஷன் வரை ரயில், அங்கே சென்ட்ரலுக்கு மாறி மறுபடி மேற்கே ஒரு ரயில். இருவருக்கும், தினமும் இரண்டு வேளை. விலை குறைவென்று தள்ளிப்போகிற குடும்பங்கள் இந்தச் செலவையும் உடம்பு அலுப்பையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் பக்கம் தேடுங்கள். அம்பத்தூருக்கு ஒரே ரயில். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் 20 லட்சத்துக்குள் பழைய ஃப்ளாட் அமைந்தால், பதிவுச் செலவு 9 சதவீதம், 1.80 லட்சம். அவசரத்துக்கு ஒரு லட்சத்தைத் தொடாமல் வைத்தாலும் கடன் 17 லட்சத்துக்குள் அடங்கும். தவணை 14,600 அளவில் நிற்கும். மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம், குடும்பத்தில் யாருக்கும் நாட்டில் எங்கும் நிரந்தர வீடு இருக்கக் கூடாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், திட்ட அனுமதி, யூடிஎஸ் (நிலத்தில் உங்கள் பங்கு) எவ்வளவு என்பதை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

அப்படி அமையவில்லையா, வாடகையிலேயே இருங்கள். வாடகை வீண் காசு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 12,000 வாடகைக்கும் 24,300 தவணைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சேர்த்தாலே இரண்டு வருடத்தில் முன்பணம் ஒன்றரை லட்சம் கூடும்.