ஹார்த்ஸ்டோன் ஆன்லைன் கார்டு விளையாட்டில் டயமண்ட் 5 தரநிலையிலேயே நிற்கிறேன். உச்ச நிலையான லெஜண்டுக்கு ஏற எந்த டெக் (கார்டுக் கட்டு) எடுப்பது?

டயமண்ட் 5 வரை தொடர் வெற்றிக்குக் கூடுதல் நட்சத்திரம் கிடைக்கும். அதன்பின் கிடையாது; வென்றால் ஒன்று வரும், தோற்றால் ஒன்று போகும். லெஜண்டுக்கு நிகரமாகச் சுமார் 15 நட்சத்திரங்கள் வேண்டும். வெற்றி விகிதம் 55% என்றால் சராசரியாக 150 ஆட்டங்கள், 60% என்றால் 75.

ஆகவே வெற்றி விகிதத்தோடு ஆட்ட நேரத்தையும் பாருங்கள். 6 நிமிடத்தில் முடியும் 55% அக்ரோ டெக்கும் (வேகமாகத் தாக்கி முடிப்பது) 12 நிமிடம் இழுக்கும் 60% கண்ட்ரோல் டெக்கும் (எதிராளியைத் தடுத்து மெதுவாக வெல்வது) மணிக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் தருகின்றன. நேரம் குறைவானவர்களுக்கு நான் அக்ரோவையே சொல்வேன், தப்பு செய்ய இடம் குறைவு என்பதால்.

பெரும்பாலோர் சறுக்குவது முல்லிகனில், அதாவது தொடக்கக் கார்டுகளில் வேண்டாதவற்றை மாற்றும் கட்டத்தில். கையில் வந்த 6 மானா கார்டை 'நல்ல கார்டு' என்று வைத்துக்கொள்வார்கள் (மானா என்பது கார்டை ஆடச் செலவாகும் சக்தி; டர்னுக்கு ஒன்றாகக் கூடும்). முதல் மூன்று டர்னும் சும்மா போகும். முதலில் ஆடும்போது மூன்று கார்டையும் மாற்றினால் டெக்கின் 30-இல் 6-ஐப் பார்த்துவிடுகிறீர்கள். இரண்டு பிரதி உள்ள ஒரு கார்டு அதற்குள் வர ஏறத்தாழ 37% வாய்ப்பு. 1 மானாவுக்கு ஆடக்கூடிய முக்கியமான கார்டு கையில் இல்லையென்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

இரண்டு தோல்விக்கே டெக்கை மாற்றாதீர்கள். 20 ஆட்டங்களாவது எதிராளியின் வகுப்பையும் (எந்தப் பாத்திரத்தோடு ஆடுகிறார்) டெக் வகையையும் குறித்துவையுங்கள். ஒரே வகை டெக் அதில் எட்டுப் பத்து முறை வந்தால், அதற்கு எதிராக இரண்டு கார்டு மாற்றினால் போதும். ஐந்தாறு மாற்றினால் டெக்கின் மானா வரிசையே (குறைந்த, அதிக மானா கார்டுகளின் சமநிலை) கெட்டுவிடும்.