கேமிங் பிசில விண்டோஸ் 11 போடலாமா? உங்க கேள்வியும் என் பதிலும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. அன்னையில இருந்து கேம் ஆடுற பிள்ளைங்க கிட்ட இருந்தும் அவங்க அப்பா அம்மா கிட்ட இருந்தும் இதைப் பத்தியே கேள்வி வந்துட்டு இருக்கு. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

அண்ணா, என்கிட்ட இருக்கறது ஐ5 7400, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 16 ஜிபி ரேம். விண்டோஸ் 11 இதுல வராதுன்னு காட்டுது. கடையில கேட்டா மொத்த பிசியையும் மாத்தணும்னு சொல்றாங்க, வீட்டுல அவ்ளோ காசு கேக்க முடியாது. ஃப்ரெண்டு ஒருத்தன் செக்கிங்க தாண்டிப் போற மாதிரி பென்டிரைவ்ல போட்டுத் தர்றேங்கிறான். பண்ணலாமா? நான் ஆடுறது வாலரன்ட்டும் ஜிடிஏ 5ம்தான்.
- காலேஜ் மாணவர், மதுரை

தம்பி, முதல்ல நீங்க என்ன கேம் ஆடுறீங்கன்னு எழுதினீங்க பாருங்க, அதுக்கே நன்றி. நிறைய பேர் பிராசசர், கிராபிக்ஸ் கார்டுன்னு எல்லாத்தையும் எழுதிட்டு இதை விட்டுடுறாங்க, ஆனா என் பதில் முக்கால்வாசி அதை வச்சுதான் இருக்கு.

உங்க பிராசசர் இன்டெல் 7ஆம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாப்ட் கேக்குறது 8ஆம் தலைமுறைல இருந்து, ஏஎம்டின்னா ரைசன் 2000 வரிசைல இருந்து. ஒரு படிதான் கீழ இருக்கீங்க, அதான் மனசுக்கு கஷ்டமா இருக்கும். செக்கிங்க தாண்டி போட்டா இன்ஸ்டால் ஆகும், ஓடவும் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும்னு மைக்ரோசாப்ட் எந்த உத்தரவாதமும் குடுக்கல, வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட்டுக்கு நீங்களே மறுபடி பென்டிரைவ் எடுத்துட்டு உக்காரணும். வாலரன்ட் ஆடுறவங்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கு. அதுல ஏமாத்தி ஆடுறவங்கள பிடிக்கிற வான்கார்ட் ஆன்டி சீட், விண்டோஸ் 11ல டிபிஎம் 2.0வும் (பாதுகாப்பு சாவிகள வச்சிருக்கிற பகுதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற வசதி) ஆன்ல இருக்கான்னு பாக்கும், இல்லன்னா வான் 9001னு ஒரு எரர் போட்டு வெளிய தள்ளிடும். அதாவது விண்டோஸோட செக்கிங்க ஏமாத்தி உள்ள வந்துடலாம், கேமோட செக்கிங்க ஏமாத்த முடியாது. படிப்பு, ப்ராஜெக்ட்னு எல்லாமே அந்த ஒரே பிசிலதான்னா, ஃப்ரெண்டு சொன்ன வழி வேண்டாம்.

இப்போதைக்கு 10லயே இருங்க. விண்டோஸ் 10 22எச்2 வெர்ஷன்ல இருந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வாங்குறதுக்கு ஒரு திட்டம் இருக்கு, எப்படிச் சேர்றதுன்னு அடுத்த கேள்வில விவரமா எழுதியிருக்கேன். இந்த டைமுக்குள்ள மெதுவா காசு சேருங்க.

கடையில சொன்ன மாதிரி எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்ல. சில பேர் 8ஆம் தலைமுறை பிராசசர் மட்டும் பழசுல வாங்கி மாட்டிக்கலாம்னு சொல்லுவாங்க, சாக்கெட் ரெண்டுக்கும் 1151தான், உக்காரவும் செய்யும், ஆனா உங்க போர்டுல ஓடாது, அதுக்கு 300 வரிசை சிப்செட் போர்டு வேணும். இதை நம்பி பிராசசர் வாங்கிட்டு திருப்பிக் குடுக்க முடியாம நிக்கிறவங்க உண்டு, நீங்க ஏமாறாதீங்க. மாத்துனா போர்டும் பிராசசரும் சேர்த்து மாத்துங்க. உங்க ரேம் டிடிஆர்4ஆன்னு ஸ்டிக்கர்ல பாருங்க, ஆமான்னா அதை விட்டுடவே விடாதீங்க, ரேம் விலை ஏறிக் கிடக்குற நேரம் இது. ஐ3 12100க்கு டிடிஆர்4 போடுற எச்610 போர்டு இருக்கு, இல்ல ரைசன் 5 5600க்கு ஒரு பி450 போர்டு. ரேம், எஸ்எஸ்டி, கேபினெட், பவர் சப்ளை, கார்டு எல்லாம் பழசே இருக்கட்டும்.

கார்டு பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். 1050 டிஐ 2016ல வந்தது. அந்த வரிசைக்கு புது கேம்களுக்கான டிரைவர் குடுக்குறத என்விடியா 2025 அக்டோபரோட முடிச்சுட்டாங்க, இனி 2028 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி திருத்தம் மட்டும்தான். நீங்க ஆடுற ரெண்டு கேமுக்கும் இது இப்ப ஒரு பிரச்சனையே இல்ல. ஆனா கார்டை மாத்தறதா பிராசசரை மாத்தறதான்னு யோசிக்கறப்ப இதையும் மனசுல வச்சுக்கோங்க.

சார், பையன் கேம் ஆடுற கம்ப்யூட்டர்லதான் நானும் பேங்க் வேலையெல்லாம் பாக்குறேன். விண்டோஸ் 10 இனிமே ஆபத்துன்னு சொல்றாங்க, உண்மையா? காசு கட்டணுமா?
- இல்லத்தரசி, திருச்சி

அம்மா, சப்போர்ட் முடிஞ்ச உடனே கம்ப்யூட்டர் நின்னு போயிடாது, நேத்து எப்படி ஓடுச்சோ அப்படித்தான் ஓடும். ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்கிற அப்டேட் வராது, நாள் ஆக ஆக ஆபத்து கூடிட்டே போகும். பேங்க் வேலை பாக்குற மெஷின்ல அதை விட்டு வைக்கக் கூடாது, நீங்க கவலைப்படுறது சரிதான்.

பையனை உக்கார வச்சு செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்க. நீட்டிச்ச செக்யூரிட்டி அப்டேட்ல சேர்றதுக்கு அங்கயே ஒரு லிங்க் இருக்கும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸ பேக்கப் ஆக விட்டா காசே கிடையாது. பேக்கப் பிடிக்கலன்னா 30 டாலர் கட்டி சேரலாம், ஒரு லைசென்ஸ 10 மெஷின் வரைக்கும் யூஸ் பண்ணலாம். இதெல்லாம் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான், அதனால இது ஒரு தள்ளிப்போடுற வழிதான். இன்னொரு விஷயம், கேமுக்கு கிராக், சீட்னு கண்ட ஃபைலை இறக்கறது விண்டோஸ் 10ஐ விட பெரிய ஆபத்து. பேங்க் வேலைக்கு தனியா ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டு பாஸ்வேர்டு உங்க கைல வச்சுக்கோங்க, பையனோட அக்கவுண்ட்டுக்கு அட்மின் உரிமை குடுக்காதீங்க.

ரைசன் 5 3600, பி450 போர்டு, 1660 சூப்பர். இது லிஸ்ட்ல இருக்குற பிராசசர்தானே, ஆனாலும் என் பிசிக்கு விண்டோஸ் 11 வராதுன்னே காட்டுது. ஒரு வீடியோ பாத்து பயோஸ்ல போய் சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணேன், விண்டோஸே வரல, பயந்து திருப்பி ஆன் பண்ணிட்டேன்.
- லாரி பாடி கட்டுற பட்டறை வச்சிருக்கவர், நாமக்கல்

உங்க மெஷின் நல்ல மெஷின், ஒரு ரூபா செலவில்லாம 11 வரும். நீங்க திருப்பி ஆன் பண்ணது ரொம்ப சரி, டேட்டா எதுவும் போகல, பயப்படாதீங்க. வரிசை மாறிப் போச்சு, அவ்ளோதான்.

பிராசசர் சரியா இருந்தாலும் விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0வும், செக்யூர் பூட்டுக்கு ஏத்த யுஇஎஃப்ஐங்கற புது பூட் முறையும் வேணும், அதான் வராதுன்னு காட்டுது. நீங்க சிஎஸ்எம்ம ஆஃப் பண்ணப்ப நடந்தது என்னன்னா, உங்க டிஸ்க் பழைய எம்பிஆர் முறைல பிரிச்சிருக்கு. சிஎஸ்எம்ங்கறது பழைய முறைல பூட் ஆகறதுக்கு போர்டு குடுக்குற வசதி, அதை நிறுத்தினதும் எம்பிஆர் டிஸ்க்ல இருந்து விண்டோஸ் எழும்ப வழியில்லாம போயிடுச்சு. அதனால டிஸ்க்கை முதல்ல ஜிபிடிங்கற புது முறைக்கு மாத்தணும், அப்புறம்தான் பயோஸ (போர்டோட அடிப்படை செட்டிங்) தொடணும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல டிஸ்க் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்ல வால்யூம்ஸ் பாத்தா எம்பிஆரா ஜிபிடியான்னு தெரியும். மாத்துறதுக்கு எம்பிஆர்2ஜிபிடின்னு ஒரு டூல் விண்டோஸ் 10 உள்ளயே இருக்கு, டேட்டாவை அழிக்காம மாத்திக் குடுக்கும், முதல்ல சரிபார்க்க மட்டும் சொல்லி ஓட விடுங்க, அது ஓகேன்னு சொன்னா மாத்தச் சொல்லுங்க. அந்த டிஸ்க்ல பிரைமரி பார்ட்டிஷன் மூணுக்கு மேல இருந்தா அது ஒத்துக்காது. அழிக்காதுன்னாலும் போட்டோ, பட்டறை கணக்கு எல்லாத்தையும் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுக்காம இதுல கை வைக்காதீங்க, இதை நான் கெஞ்சியே கேக்குறேன்.

இப்ப பயோஸ். சிஎஸ்எம் ஆஃப், செக்யூர் பூட் ஆன், எஃப்டிபிஎம் ஆன். ஏஎம்டில அது எஃப்டிபிஎம், இன்டெல் போர்டுல பிடிடின்னு போட்டிருக்கும், ரெண்டும் பிராசசர் பக்கத்துலயே இருக்குற டிபிஎம்தான், தனியா சிப் வாங்கி மாட்ட வேண்டாம். செக்யூர் பூட்ட ஆன் பண்ணியும் ஆக்டிவ் இல்லன்னு காட்டினா அதே பக்கத்துல ஃபேக்டரி கீ ஏத்துற ஆப்ஷன் இருக்கும், அதைக் குடுங்க. கார்டு ரொம்பப் பழசுன்னா சிஎஸ்எம் ஆஃப் பண்ணதும் திரையில ஒண்ணுமே வராம போகலாம், உங்க 1660 சூப்பருக்கு அந்தக் கவலை இல்ல. எல்லாம் முடிஞ்சு விண்டோஸ் வந்ததும் சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பயோஸ் மோடு யுஇஎஃப்ஐன்னும் செக்யூர் பூட் ஆன்னும் இருக்கா பாருங்க, அப்புறம் பிசி ஹெல்த் செக் ஓட விட்டா பச்சை டிக் வரும்.

ரைசன்ல எஃப்டிபிஎம் ஆன் பண்ணா கேம் நடுவுல அப்பப்ப திக்கித் திக்கி நிக்கிற பிரச்சனை ஒண்ணு இருந்துச்சு, 2022ல ஏஎம்டியே ஒத்துக்கிட்டு பயோஸ் அப்டேட்ல சரி பண்ணாங்க. உங்க பயோஸ் அதுக்கு முந்தினதுன்னா அப்டேட் பண்ணிக்கோங்க. ஆனா கரண்ட் போயிட்டு போயிட்டு வர்ற நேரத்துல மட்டும் வேண்டாம், பாதியில நின்னா போர்டே போயிடலாம், யுபிஎஸ் இருந்தா அதுல போட்டு செய்யுங்க.

அண்ணா, 11 போட்டாச்சு, ஆனா முன்னாடி இருந்த எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு வர்ற பிரேம்) இல்ல. சிஎஸ் 2 ஆடறப்பவே தெரியுது. திரும்ப 10க்கே போயிடவா?
- ஐடிஐ மாணவர், கோவை

போகலாம், அப்கிரேட் பண்ணி 10 நாளுக்குள்ளன்னா செட்டிங்ஸ்ல ரெக்கவரில போய் பழசுக்கே திரும்பலாம், அதுக்கு அப்புறம் பழைய ஃபைல விண்டோஸே அழிச்சுடும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி தம்பி, அப்கிரேடுக்காக பயோஸ் அப்டேட் பண்ணீங்களா? பண்ணிருந்தா என் சந்தேகம் விண்டோஸ் மேல இல்ல, ரேம் மேல. பயோஸ் அப்டேட் ஆனதும் எல்லா செட்டிங்கும் ஆரம்ப நிலைக்குப் போயிடும், ரேமை அதோட முழு வேகத்துல ஓட வைக்கிற எக்ஸ்எம்பியும் ஆஃப் ஆயிடும், 3200ல ஓடிட்டு இருந்த ரேம் 2133லயோ 2400லயோ ஓடிட்டு இருக்கும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல ஸ்பீடு போட்டிருக்கும், பாருங்க. குறைவா இருந்தா பயோஸ்ல எக்ஸ்எம்பிய திரும்ப ஆன் பண்ணுங்க. அதுவும் உங்களுது ரைசன்னா இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

ரேம் சரியா இருந்தா அடுத்து டிரைவர். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்னு ஒரு டூல் இருக்கு, சேஃப் மோடுல போய் அதை வச்சு பழைய டிரைவர சுத்தமா எடுத்துட்டு புதுசு போடுங்க. அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டில கோர் ஐசொலேஷன் உள்ள மெமரி இன்டெக்ரிட்டின்னு ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருந்தா சில கேம்ல வேகம் குறையும்னு மைக்ரோசாப்ட்டே 2022ல எழுதி, கேம் ஆடறப்ப ஆஃப் பண்ணிக்கலாம், முடிஞ்சதும் ஆன் பண்ணிடுங்கன்னு சொன்னாங்க. நான் அதைக் கடைசியாத்தான் தொடச் சொல்லுவேன், பாதுகாப்ப கழட்டி வச்சுட்டு வாங்குற எஃப்பிஎஸ் அது, வேற வழியே இல்லன்னாத்தான்.

விண்டோஸே வேண்டாம், லினக்ஸ் போயிடலாமா?
- வாசகர், புதுச்சேரி

ஆடுற கேமப் பொறுத்தது. சிஎஸ் 2, டோட்டா 2 நேராவே லினக்ஸ்ல ஓடும். கதை உள்ள ஒத்தை ஆள் கேம் நிறைய, விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட வைக்கிற ஸ்டீமோட புரோட்டான் வழியா அருமையா ஓடுது, 2018ல அது வந்தப்ப இருந்த நிலைமைக்கும் இப்பத்திக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது, ஏபெக்ஸும் 2024ல லினக்ஸ நிறுத்திட்டாங்க. இந்த மூணுல ஒண்ணு கூட ஆடலன்னா தாராளமா ஒரு தனி எஸ்எஸ்டில போட்டுப் பாருங்க, பழைய பிராசசர் வச்சிருக்கவங்களுக்கு இது நிஜமாவே நல்ல வழி.

சுத்தமா ஃபார்மேட் பண்ணி 11 போடலாம்னு இருக்கேன். எங்க ஊர் நெட்ல ஒரு கேம் இறக்கவே ராத்திரி முழுக்க ஆகும், எல்லாத்தையும் மறுபடி இறக்கணுமா?
- வாசகர், தென்காசி

இறக்க வேண்டாங்க. கேம் எல்லாம் டி டிரைவ்ல இருந்தா சி டிரைவ மட்டும் ஃபார்மேட் பண்ணுங்க, ரெண்டும் ஒரே டிஸ்க்னா பார்ட்டிஷன் பேரப் பாத்து நிதானமா செலக்ட் பண்ணுங்க, அங்க அவசரப்பட்டுத்தான் நிறைய பேர் எல்லாத்தையும் இழக்குறாங்க. புது விண்டோஸ்ல ஸ்டீம் போட்டதும் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் போய் அந்தப் பழைய ஃபோல்டரக் காட்டுங்க, கேம் எல்லாம் அப்படியே வந்து உக்காந்துடும், கொஞ்சம் சரிபார்க்கும், அவ்ளோதான். ஆனா சேவ் ஃபைல் வேற இடத்துல இருக்கும், எல்லா கேமுக்கும் கிளவுட் சேவ் கிடையாது, நிறைய கேம் டாகுமென்ட்ஸ்லயும் ஆப் டேட்டாலயும்தான் வைக்கும், அது ரெண்டும் சி டிரைவ்ல இருக்கு. ரெண்டு ஃபோல்டரையும் முழுசா காப்பி எடுத்துடுங்க.

இன்னொண்ணு. விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன புதுசா போட்டு மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா நிறைய மெஷின்ல டிஸ்க் தானாவே பிட்லாக்கர்ங்கற பூட்டு போட்டுக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. எங்க அக்கா பையன் பிசில இப்படித்தான் ஆச்சு. பல மாசம் கழிச்சு பயோஸ் அப்டேட் பண்ணான், அடுத்த தடவை ஆன் பண்ணப்ப நீலக் கலர் திரை வந்து 48 எண் ரெக்கவரி கீ கேட்டுச்சு. ரெண்டு நாள் தேடினோம், பிளஸ் டூ ப்ராஜெக்ட் எல்லாம் அதுக்குள்ள, புள்ள சாப்பிடவே இல்ல. கடைசில பாத்தா இன்ஸ்டால் பண்ணப்ப அவங்க அப்பாவோட பழைய மெயில் ஐடியப் போட்டிருக்காங்க, அந்த அக்கவுண்ட்டுல கீ பத்திரமா இருந்துச்சு. அதனால போட்டு முடிச்ச அன்னைக்கே உங்க அக்கவுண்ட் பக்கத்துல போய் அந்த 48 எண்ணையும் ஒரு நோட்டுல எழுதி பீரோல வைங்க, எந்த மெயில் ஐடின்னும் பக்கத்துலயே எழுதுங்க. இனி எப்ப பயோஸ்ல கை வச்சாலும் அதுக்கு முன்னாடி பிட்லாக்கர சஸ்பெண்ட் பண்ணிட்டு வைங்க.