நலிந்துபோன நகரப் பகுதியை அங்கு குடியிருப்பவர்களே திட்டமிட்டு மீட்க முடியுமா?

முடியும். ஆனால் பெயருக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்திக் கையெழுத்து வாங்கினால் போதாது. முடிவெடுக்கும் உரிமையே மக்களிடம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டட்லி தெரு வட்டாரத்தைப் பாருங்கள். 1980களில் அங்கே வீடுகள் எரிந்தும் இடிந்தும் போய், சுமார் 1,300 மனைகள் காலியாகக் கிடந்தன. வெளியாட்கள் கொண்டுவந்து கொட்டிய குப்பை நாறியது. 1984இல் அங்கே ஓர் அமைப்பு உருவானது. அதன் நிர்வாகக் குழுவில் குடியிருப்பவர்களுக்கு முதலில் சொற்ப இடங்களைத்தான் ஒதுக்கினார்கள். கூட்டத்திலேயே எதிர்ப்பு கிளம்பியதும் அதை மாற்ற வேண்டியதாயிற்று. பெரிய திட்டங்களுக்கு முன்னால், குப்பை கொட்டுவதை நிறுத்தப் போராடினார்கள். புத்திசாலித்தனமான தொடக்கம், கண்ணுக்குத் தெரிகிற பலன் இருந்தால்தானே அடுத்த கூட்டத்துக்கு ஆள் வரும்!

1988இல் காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரமே அந்த அமைப்புக்குக் கிடைத்தது. அந்த நிலம், சமூகத்துக்காக நிலத்தை வைத்திருக்கும் சமூக நில அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. வீடு குடும்பத்துக்குச் சொந்தம், அடியிலுள்ள மண் நீண்டகாலக் குத்தகை, மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு. இந்த ஏற்பாடு இல்லையென்றால், பகுதி சீரானதும் வாடகை எகிறி, பாடுபட்டவர்களே வெளியேற நேரும். பல திட்டங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பத்திரம் யார் பெயரில் என்பதை ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.