மீட்பு ஹெலிகாப்டர் தனியாருக்குப் போகலாமா? கேளுங்க, சொல்லுதேன்

கடற்படையில ஹெலிகாப்டர் பராமரிப்புல 15 வருசம் இருந்துட்டு இப்போ பாளையங்கோட்டையில இருக்கேன். பிரிட்டன்ல தேடி மீட்கிற ஹெலிகாப்டர் வேலையைத் தனியாருக்குக் கொடுத்த கதையைச் சொன்னதுல கேள்வியா வந்து குவிஞ்சிட்டு.

வள்ளியூர் தம்பி: அங்க என்னதான் நடந்துச்சு அண்ணாச்சி?

விமானப்படையும் கடற்படையும் ஸீ கிங் ஹெலிகாப்டரை வச்சு அந்த வேலையைப் பாத்துட்டிருந்தாங்க. விமானப்படைக்கு அது வந்தது 1978-ல. கிழடு தட்டிட்டு. முதல்ல கம்பெனிங்க சேந்த ஒரு கூட்டமைப்புக்குக் கொடுக்கப் பாத்து, டெண்டர்ல கோளாறுன்னு 2011-ல கைவிட்டாங்க. 2013-ல பிரிஸ்டோ கம்பெனிக்கு 10 வருச ஒப்பந்தம், சுமார் 160 கோடி பவுண்டு. 2015-ல புது ஹெலிகாப்டரோட இறங்கிட்டாங்க. இளவரசர் வில்லியம் ஓட்டினது அந்தப் பழைய மஞ்சள் ஸீ கிங்தான், அதையும் ஒருத்தர் கேட்டிருந்தார்.

மேலப்பாளையம் பாய்: பழசானா என்ன? நம்ம அரசு பஸ் ஓடலையா?

பஸ் நின்னா ஓரங்கட்டலாம் பாய். இது நின்னா கடல்தான். ஹெலிகாப்டர்ல வயசை வருசத்துல மட்டும் எண்ண மாட்டோம், பறந்த மணி நேரத்துலயும் எண்ணுவோம். ரோட்டார் பிளேடு, கியர் பாக்ஸ்னு பல பாகத்துக்குத் தனித்தனிக் கெடு உண்டு. பாக்க நல்லா இருந்தாலும் கெடு முடிஞ்சா கழட்டிரணும். அதுக்கு மேல உப்புக் காத்து. கடல்ல தாழப் பறந்துட்டு வந்தா நல்ல தண்ணியில கழுவி விடணும், இல்லேன்னா துரு உள்ள கூடி அரிக்கும். பாகம் செய்யுற கம்பெனி உற்பத்தியை நிறுத்திட்டா அதைவிட மோசம். நிக்குற வண்டியில இருந்து கழட்டி ஓடுற வண்டியில மாட்டுவோம். நான் கையால செஞ்சிருக்கேன். மூணு வண்டி இருக்குன்னு கணக்குல இருக்கும், பறக்குறது ஒண்ணா இருக்கும்.

நம்ம சேத்தக் ஹெலிகாப்டரோட மூல வடிவம் 1950-கள்ல பிரான்ஸ்ல பிறந்தது. ஒத்தை என்ஜின். நல்ல வண்டி, குறை சொல்ல மாட்டேன். ஆனா நடுக்கடல்ல ராத்திரி அதுல போகச் சொன்னா யோசிப்பேன். புதுசுன்னாலும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது: 2025 ஜனவரியில குஜராத் போர்பந்தர்ல நடந்த விபத்துக்கு அப்புறம் நம்ம நாட்டுலயே செஞ்ச துருவ் ஹெலிகாப்டர்களை மாசக்கணக்குல நிறுத்தி வச்சாங்க.

அம்பாசமுத்திரம் டீச்சர்: தனியார்னா காசு உள்ளவனுக்குத்தானே வரும்?

அங்க மீட்கப்பட்டவர் ஒத்தப் பைசா கொடுக்கல டீச்சர். கூப்பிடுறதும் அனுப்புறதும் கடலோரக் காவல் அமைப்பு. கம்பெனி வண்டியையும் ஆளையும் தயாரா வச்சிருக்கணும்: பகல்ல 15 நிமிசத்துல, ராத்திரி 45 நிமிசத்துல கிளம்பணும். ஆனா மொத்தத் தளம் 12-ல இருந்து 10 ஆச்சு. மூடின ஊர்க்காரங்க சண்டை போட்டது நியாயம்தான்.

ராதாபுரம்: அப்போ இங்கயும் கொடுத்திரலாமா?

வண்டியைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்கக் கூடாது. 2017 மார்ச்சுல அயர்லாந்துல தனியார் கம்பெனி ஓட்டின மீட்பு ஹெலிகாப்டர் ராத்திரியில பிளாக்ராக் தீவுல மோதி நாலு பேரும் போயிட்டாங்க. தரை நெருங்குனா எச்சரிக்கிற கருவியோட தகவல்ல அந்தத் தீவே இல்ல. இதையெல்லாம் யாரு சரிபாக்குறது? அரசுதான் பாக்கணும்.

இன்னொண்ணு. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு. ஸ்ரீவைகுண்டத்துல ரயிலோட மாட்டிக்கிட்ட சனங்களுக்கு ஹெலிகாப்டர்லதான் சாப்பாடு போட்டாங்க. விமானப்படை, கடற்படை, கோஸ்ட் கார்டு, எல்லாம் சேந்து வந்துச்சு. பத்து வண்டிக்கு ஒப்பந்தம் போட்ட கம்பெனிகிட்ட பதினோராவது வண்டி எங்க இருந்து வரும்?

உவரி, நாட்டுப்படகு: ஒக்கி புயல்ல எங்க சொந்தக்காரங்க திரும்பல. யாரு ஓட்டினா என்ன, வந்து சேருமா?

உங்க கோவம் எனக்குப் புரியுது. அகலக் கடல்ல ஹெலிகாப்டரால ரொம்ப நேரம் தேட முடியாது, எண்ணெய் தீந்திரும். முதல்ல டோர்னியர் விமானம் தேடிக் கண்டுபிடிக்கும், ஹெலிகாப்டர் தூக்கும். அதனால நீங்க இருக்கிற இடம் தெரியுறதுதான் பாதி உயிர். இஸ்ரோ உருவாக்கின அபாய அறிவிப்புக் கருவி படகுல இருக்கட்டும். போன் கிடைச்சா கோஸ்ட் கார்டு நம்பர் 1554.

ஹெலிகாப்டர் தலைக்கு மேல வந்தா வலை, தார்ப்பாய், கேன் எல்லாத்தையும் கட்டிருங்க, காத்து தூக்கி அடிக்கும். தொங்கி வர்ற கம்பியைப் பாஞ்சு பிடிக்காதீங்க. தண்ணியிலயோ படகுலயோ ஒரு தடவை படட்டும், இல்லேன்னா ஷாக் அடிக்கும். அந்தக் கம்பியோட கொக்கியைப் படகுல மாட்டவே மாட்டாதீங்க.