பின்டரஸ்ட் வழியாகச் சேலைக் கடைக்குச் செலவில்லாமல் ஆள் வருமா?

சுங்குடிச் சேலை விற்கும் இணையக் கடைக்கு, விளம்பரக் காசு கட்டாமல், படங்களைத் தேடிச் சேமிக்கும் தளமான பின்டரஸ்ட்டிலிருந்து ஆள் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும், மெதுவாக.

இலவச பிசினஸ் கணக்கு தொடங்கி, அவர்கள் தரும் மெட்டா டேக்கை (ஒரு வரி HTML குறியீடு) உங்கள் தளத்தின் ஹெட் பகுதியில் (பக்க நிரலின் தொடக்கப் பகுதி) ஒட்டிக் கடை உங்களுடையதென உறுதிசெய்யுங்கள். படம் 1000-க்கு 1500 பிக்சல், நின்றவாக்கில். 'புது வரவு' என்ற தலைப்பு வீண். அப்படி யார் தேடுகிறார்கள்? 'மஞ்சள் மதுரை சுங்குடி காட்டன் சேலை' என்று எழுதுங்கள். கட்டிய சேலை ஒரு 'பின்' (Pin, இணைப்போடு ஏற்றும் படப் பதிவு), முந்தானைப் புள்ளிகள் நெருக்கத்தில் தெரியும் படம் இன்னொரு பின். படத்தை வைத்தே தேடுபவருக்கு அந்தப் புள்ளிதான் அடையாளம்.

பலர் கோட்டை விடுவது இணைப்பில்தான். முகப்புப் பக்கத்துக்குக் கொடுத்தால், வந்தவர் சேலையைத் தேடிச் சலித்துப் போய்விடுவார். அந்தச் சேலையின் பக்கத்துக்கே கொடுங்கள். விற்றுத் தீர்ந்தாலும் பக்கத்தை அழிக்காமல் அதே ரகச் சேலைகளை அங்கே காட்டுங்கள். ஏற்றிய 'பின்' (Pin) மாதக்கணக்கில் சுற்றும். திறந்தால் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று வந்தால் உழைப்பு பாழ். தீபாவளிச் சரக்கை ஆகஸ்டிலேயே ஏற்றிவிடுங்கள்.